மருந்து வைத்தவள்

நாற்பத்தொரு நாளாக அவள் தன் மாமனாருக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பதற வேண்டாம். புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள, மாமியாரைப் படுக்கையில் தள்ள என்று காதோடு காதாகக் கதை கட்டுவார்களே, அந்த மருந்து இல்லை. டாக்டர் சீட்டில் எழுதியது, மருந்துக்கடையில் பில் போட்டு வாங்கியது. சர்க்கரைக்கான வெள்ளை மாத்திரை. தினம் காலை ஆறரைக்கு ஒன்று. இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து. மாவானதும் சர்க்கரை போடாத டீயில் தட்டி ஒரு கலக்கு. தீர்ந்தது வேலை.

டம்ளரை நீட்டினால் மாமனார் சும்மா வாங்கமாட்டார்.

"என்ன ஊசி, டீ ஒரு மாதிரி திக்கா இருக்கு? என் பையனுக்கு வெச்ச மருந்துல மிச்சம் மீதி இருந்துச்சோ?"

"ஆமா மாமா. அவருக்குப் பாதி, உங்களுக்கு முழுசு."

அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் டம்ளர் காலியாகும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கைகளில் நரம்பு தேடுகிறவள். அதனால்தான் அவருக்கு அவள் 'ஊசி'. அவரோ துறைமுகத்தில் முப்பத்துநாலு வருஷம் கிரேன் ஓட்டியவர். அறுபதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்குக் கீழே நின்று கத்துகிறவன் பேச்சு காதில் ஏறாது. ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆகியும் அவர் அந்தக் கூண்டை விட்டு இறங்கவில்லை என்பது வீட்டில் எல்லோருடைய அபிப்பிராயம்.

எழுபத்தொரு வயதில் திடீரென்று ஒரு நாள் அறிவித்தார்.

"இருபது வருஷமா முழுங்குறேன். சுகர் போச்சா? போகல. மாத்திரைக்காரனுக்கு நான் போகக் கூடாது, என் சுகரும் போகக் கூடாது. இனிமே ஒரு மாத்திரை இந்தத் தொண்டையில இறங்காது. சொல்லிட்டேன்."

மாத்திரை அட்டைகள் அத்தனையும் குப்பைக் கூடைக்குப் போயின. பதிலுக்கு ஒரு டப்பா வீட்டுக்குள் வந்தது. பூங்காவில் கூட நடக்கிற ஆள் காட்டிய கடை. சர்க்கரைக்கொல்லி இலையை நிழலில் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. பொடிக்கடைக்காரர் சாமர்த்தியசாலி; வாயால் பேசி விற்கிற ஆள் இல்லை. வருகிறவர் கையில் ஒரு பச்சை இலையைக் கொடுத்து மெல்லச் சொல்வார். ரெண்டு நிமிஷம் கழித்து ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைப்பார். ஆள் ஆடிப்போய்விடுவார். இனிப்பே தெரியாது. வெறும் ஆற்று மணல்.

மாமனார் அந்த வித்தையை வீட்டிலும் நடத்திக் காட்டினார். மனைவி, மகன், மருமகள் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து இலையை மெல்லச் சொல்லி, சர்க்கரையைப் போட்டார்.

"என்ன தெரியுது?"

"மண்ணு மாதிரி இருக்குப்பா" என்றான் மகன்.

"பாத்தியா! நாக்குலயே சர்க்கரையைக் கொல்லுது. ரத்தத்துல விட்டுவெக்குமா?"

நாக்கு வேறு, ரத்தம் வேறு என்று அவள் பாடம் எடுத்துப் பார்த்தாள். இலைக்குக் கொஞ்சம் குணம் உண்டு மாமா, இல்லைங்கல, ஆனா மாத்திரையை நிறுத்துற அளவுக்கு இல்ல என்றாள். அவர் அதற்குள் பொடியை நாக்கில் போட்டுக் குதப்ப ஆரம்பித்திருந்தார். தண்ணீரில் கலக்கிக் குடிப்பதெல்லாம் சோம்பேறிகள் வேலை, நாக்கில் ஊறி இறங்கவேண்டும் என்பது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். காலையில் ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன்.

பதினைந்தாம் நாள் அவள் விரலைக் குத்திப் பார்த்தாள். இருநூற்றுத் தொண்ணூறு. அவரோடு கிரேன் ஓட்டிய நண்பருக்கு அதற்கு முந்தின மாதம்தான் இடது பாதத்தை எடுத்திருந்தார்கள். அன்றே முடிவு கட்டினாள். மறுநாள் காலை டீயில் முதல் மாத்திரை.

புருஷனிடம் சொல்லவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற தொழில் என்பதாலோ என்னவோ, வயிற்றில் எதுவும் தங்காது. இந்தக் காதில் போட்டால் அப்பாவின் காதில் போய் விழும். அத்தையிடமும் சொல்லவில்லை. அத்தை பயந்த சுபாவம், முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள்.

எண் இறங்க ஆரம்பித்தது. இருநூற்று இருபது. நூற்று எழுபது. அங்கே கொஞ்ச நாள் நின்றது. இரண்டாவது டப்பா வந்த பிறகு கிடுகிடுவென்று இறங்கியது. நூற்றுப் பத்து. எண்பத்தெட்டு.

"எண்பத்தெட்டு!" மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உன் வயசுக்காரனுக்குக் கூட இது இருக்காதுடி ஊசி. பொடி வேலை செய்யுதா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லு!"

"செய்யுது மாமா."

அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வேலை செய்வது எதுவென்று அவளுக்குத்தானே தெரியும்? அடுப்படியில் அத்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை அவள் கவனித்தாள். கவனித்தாளே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

மாமனார் அன்றிலிருந்து ஒரு ஸ்பூனை இரண்டாக்கினார். இன்னும் நாலு நாளில் காலைச் சாப்பாட்டையும் நிறுத்தினார். சாப்பிட்டு ஏற்றுவானேன், அப்புறம் பொடியால் இறக்குவானேன் என்று கேள்வி வேறு.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு லேபில் அவள் ஃபோன் அடித்தது. அத்தை.

"கண்ணு, உடனே வா. உங்க மாமா… எப்படிச் சொல்றதுன்னே தெரியல… கிரேன் ஓட்டுறாரு."

"என்னது?"

"மாடிப்படியில நின்னு கிரேன் ஓட்டுறாருடி!"

மூன்றாவது மாடிப் படிக்கட்டில், கைப்பிடிச் சுவரை ஒட்டி அவர் நின்றிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு கைகளும் இல்லாத இரும்புக் கம்பிகளைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தன. "இடது… இன்னும் இடது… இறக்கு, இறக்கு…" எதிர்வீட்டுக்காரர்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விரலைப் பிடித்துக் குத்தினாள்.

முப்பத்தாறு.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் நரம்பில் ஏறிய பத்தாவது நிமிஷம் மாமனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "எவன்டா என்னைக் கட்டிலில படுக்கவெச்சது?" என்றார். மகன் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதே விட்டான்.

டூட்டி டாக்டர் இளவயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், கையில் ஃபைல்.

"என்ன மருந்து சாப்பிடுறார்?"

"மாத்திரையை எல்லாம் நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு டாக்டர். ஏதோ இலைப் பொடி மட்டும்தான்" என்றான் மகன்.

"இலைப் பொடிக்கு இவ்வளவு இறங்காதே." டாக்டர் நிமிர்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாராவது, வேற ஏதாவது குடுத்தீங்களா? சர்க்கரை மாத்திரை உள்ள போயிருந்தா கதையே வேற. இந்த வயசுல அது உடம்பை விட்டு லேசில போகாது. ஏத்த ஏத்த மறுபடி இறங்கும். ரெண்டு நாள், மூணு நாள்கூட ஆகும். அப்படின்னா இவரை நான் இங்கருந்து நகர விடமாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

அந்த நொடியில் அவள் கையை அத்தை பற்றினாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"நாங்க ஒண்ணும் குடுக்கல டாக்டர்" என்றாள் அத்தை.

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். மனசு படபடவென்று வக்கீல் வேலை பார்த்தது. ஒரே ஒரு மாத்திரை. இருபது வருஷமாக அவர் முழுங்கிய அதே மாத்திரை. அது எப்படி முப்பத்தாறுக்கு இறக்கும்? இறக்காது. அப்படியானால் பொடியில்தான் ஏதோ கலப்படம். கடைக்காரன்தான் ஏதோ சேர்த்திருக்கிறான். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? மாமனாருக்குத் தெரியாமல் மருமகள் மருந்து வைத்தாள். இந்த ஒரு வரி போதும். கட்டிடம் முழுக்க, சொந்தம் முழுக்க, லேப் வரைக்கும் ஓடும். நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டால் போயிற்று.

"மேடம், நீங்க லேப்ல வேலை பார்க்கிறவங்கதானே?" டாக்டர் அவளையே கேட்டாள். "மாத்திரை எதுவும் இல்லையே?"

"இல்ல டாக்டர்."

மாமனார் அங்கே இருக்கச் சம்மதிக்கவில்லை. பாட்டிலில் வருவது சர்க்கரைத் தண்ணி என்று தெரிந்ததும் ஊசியைப் பிடுங்கப் போனார். சாயங்காலம் டாக்டர், சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதிய காகிதத்தை அரைமனதாக நீட்டினாள். "ராத்திரி முழுக்கப் பார்த்துக்கணும். அடிக்கடி சாப்பிடணும். அந்தப் பொடியைத் தொடவே கூடாது." மாமனார் கையெழுத்தை ஒரு கிழி கிழித்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ராத்திரி இரண்டு மணிக்கொரு தரம் அவள் விரலைக் குத்தினாள். பிரெட், பால், பிஸ்கட் என்று அவர் திட்டத் திட்ட ஊட்டினாள். எண் இறங்கவில்லை. விடியும்போது இருநூற்று முப்பத்தொன்று. நிம்மதியில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எவ்வளவு?" மாமனார் எழுந்து உட்கார்ந்தார். "இருநூத்து முப்பத்தொண்ணா? எண்பத்தெட்டுல வெச்சிருந்தேன்டி! ஒரே நாள்ல எல்லாத்தையும் ஏத்தி விட்டுட்டீங்களே, பாவிங்களா!"

"மாமா, இப்போதைக்கு ஏறியே இருக்கட்டும்…"

"போ வெளிய. விரலைக் குத்திக் குத்திச் சல்லடை ஆக்கிட்டே. போ!"

அவள் அடுப்படிக்குப் போனாள். அங்கே அத்தை, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் பொடி டப்பாவைக் கவிழ்க்கப் போய்க்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது.

"அத்தை! என்ன பண்றீங்க?"

அத்தை திடுக்கிட்டதில் டப்பா கைநழுவப் பார்த்தது. "இல்ல கண்ணு… சனியன் எதுக்கு வீட்டுலன்னு…"

"நல்ல வேளை. அதான் நமக்கு ஆதாரம். கடைக்காரனைக் கூட்டிட்டு வரத்தான் உங்க பையன் போயிருக்காரு. இது இல்லாம அவன்கிட்ட எதைக் காட்டுறது?"

"கொட்டிடலாம்டி. சொன்னாக் கேளு."

"நீங்க சும்மா இருங்க அத்தை."

டப்பாவைப் பிடுங்கி மூடி, ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள். துணி துவைக்கக் கிடந்தது, பின்பக்கம் போனாள். அத்தையும் ஏதோ சொல்ல வந்தவள்போல அவள் பின்னாலேயே வந்து, ஒன்றும் சொல்லாமல் துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டு நின்றாள்.

அந்த இடைவெளி மாமனாருக்குப் போதும். அவருக்கு ஃபிரிட்ஜின் தலை கைக்கெட்டும் உயரம். மூன்று ஸ்பூன். வழக்கமான இரண்டு, நேற்று ஏற்றியதற்குச் சேர்த்து இன்னும் ஒன்று. வாய் நிறையக் குதப்பிக்கொண்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். மணி ஏழு.

எட்டு மணிக்கு அவள் கதவைத் தட்டினாள். "சாப்பிட வாங்க மாமா."

"வேணாம்!"

எட்டரைக்கு மறுபடியும் தட்டினாள். "உயிரோடதான் இருக்கேன், போடி!" என்று குரல் வந்தது. குரல் நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதுக்கு மகன் வந்தான். பொடிக்கடைக்காரரின் சட்டைக் காலரை அவன் கை பிடித்திருந்தது. மூன்று மாடியும் அப்படியே இழுத்து வந்திருக்கிறான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர். விரல் நகமெல்லாம் பச்சை.

"அம்மா, டப்பாவை எடு! இன்னிக்கு இவன் இதுல என்ன கலந்தான்னு இவன் வாயாலேயே கக்க வெக்கிறேன்."

"தம்பி, காலரை விடுங்க. எங்கயும் ஓடமாட்டேன்." கடைக்காரர் மூச்சு வாங்கினார். "என் பொடியாலதான்னா நானே போலீசுக்கு வரேன். முதல்ல அதைக் கண்ணுல காட்டுங்க."

அவள் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். கடைக்காரர் அதை முகரவில்லை, ருசி பார்க்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். தேய்த்த கை நின்றது.

"நெருடுது" என்றார்.

"என்ன நெருடுது?"

"நான் துணியில சலிக்கிறவன் தம்பி. என் பொடி கண்மை மாதிரி இருக்கும், கைக்கு ஒண்ணும் தட்டாது. ஒரு கறுப்புத் தட்டு இருந்தாக் குடும்மா."

டீ கொண்டுபோகிற தட்டு கறுப்பு. அதில் ஒரு கை பொடியைப் பரப்பி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார். பச்சை பறந்து ஓரத்தில் ஒதுங்கியது. நடுவில் வெள்ளை வெள்ளையாக நொய் தங்கியது. நகத்தால் ஒன்றைத் தள்ளிக் காட்டினார். அது நொய்கூட இல்லை, ஒரு துண்டு. வளைந்த விளிம்பு. நடுவே பாதி உடைந்த கோடு.

நாற்பத்தொரு நாள் பார்த்த கோடு அது. அவளுக்குத் தெரியாதா?

"இலை இப்படி வெள்ளையாக் காயாது" என்றார் கடைக்காரர். "இது மாத்திரை. நானே கலந்திருந்தா இப்படிக் கொரகொரன்னு விட்டிருப்பேனா? சலிச்சிருக்க மாட்டேனா? தம்பி, இது வீட்டுல போட்டது."

மகன் காலரிலிருந்து கையை எடுத்தான். மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான். வீட்டில் மாத்திரையைப் பற்றித் தெரிந்த ஆள் வேறு யார்?

அவள் அவனைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள்.

அத்தை சுவரோடு சாய்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"குப்பையில கிடந்ததைப் பொறுக்கி வெச்சிருந்தேன்… ரெண்டாவது டப்பாவுல… டம்ளரால நுணுக்கிப் போட்டேன். ஒன்றரை மாசப் பொடிக்கு நாப்பத்தஞ்சு மாத்திரை. தினம் ஒண்ணுதானே கண்ணு வரும்? எப்பவும் சாப்பிடுறதுதானே? அவர் கால் போயிடக் கூடாதுன்னு…"

தினம் ஒன்று. அவர் ஸ்பூனை இரண்டாக்கியதால் தினம் இரண்டு. டீயில் அவளுடையது ஒன்று. ஆக மூன்று. வெறும் வயிற்றில்.

சட்டென்று அவளுக்கு இன்னொன்று உறைத்தது. டப்பாவின் மூடி. காலையில் அவள் இறுக்கி மூடி வைத்தாள். இப்போது எடுத்தபோது அது சும்மா மேலே உட்கார்ந்திருந்தது.

"மாமா!"

பதில் இல்லை. தட்டினாள், கதவை மோதினாள். மகன் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினான். இரண்டே நெம்பில் தாழ்ப்பாள் தெறித்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வேர்வை தாடையிலிருந்து சொட்டியது; உதட்டோரம் பச்சைப் பொடி இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. அவள் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்து மண்டியிட்டாள். ஒரு கைப்பிடியை அவர் உதட்டுக்குள் திணித்தாள்.

"முழுங்குங்க மாமா. முழுங்குங்க!"

அவர் முகம் கோணியது. தூ என்று அவள் முகத்திலேயே துப்பினார்.

"மண்ணு… மண்ணைப் போடுறா…"

"மண்ணு இல்ல மாமா, சர்க்கரை! சத்தியமா சர்க்கரை!" இன்னொரு பிடி. அவர் தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். கலங்கிய கண்கள் மகனைத் தேடிப் பிடித்தன. நாக்கு குழற, ஆனால் ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இவ… எனக்கு… மருந்து வெக்கிறா."

மகன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். சர்க்கரை தரையெங்கும் சிதறியது.

"தொடாதே! எங்கப்பாவைத் தொடாதே நீ!"

"ஏங்க, சர்க்கரைங்க அது! விடுங்க, ஒவ்வொரு நிமிஷமும்…"

"என்னத்தடி போட்ட? டப்பாவுலயும் நீதான் போட்டியா? எங்கம்மாவை வேற சொல்லவெச்சியா?"

"தம்பி!" வாசற்படியிலிருந்து கடைக்காரர் கத்தினார். "அது சர்க்கரைதான்! பொடியைக் குதப்பியிருக்காரு, நாக்கு மரத்துக் கிடக்கு, அவருக்கு மண்ணாத்தான் தெரியும்! உள்ள போனாப் போதும், குடுக்க விடுங்க!"

அவன் பிடி தளர்ந்தது. ஆனால் அதற்குள் மாமனாரின் தாடை இறுகிவிட்டது. பல்லோடு பல் அரைக்கிற சத்தம். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கட்டில் கால் தடதடத்தது. இனி வாயில் போட்டால் மூச்சுக்குழாய்க்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். கையில் சர்க்கரையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கடைக்காரர்தான் ஆம்புலன்சுக்கு ஃபோன் போட்டார்.

அது வர இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். மாமனாரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் வெளியே எட்டிப் பார்த்து, "நேத்துக் கேட்டதையே மறுபடியும் கேக்குறேன்" என்றாள்.

அத்தை முன்னால் வந்தாள். "நான்தான் டாக்டர். பொடியில மாத்திரை கலந்தேன். என் மருமகளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான்தான்." சொல்லிக்கொண்டே மருமகளின் கையைப் பற்றிப் பின்னால் தள்ளினாள். குரலைத் தாழ்த்தி, "நீ பேசாதடி. நான் பெத்தவ, என்னை அவன் விட்டுடுவான். உன்னை விடமாட்டான்" என்றாள்.

நேற்று பற்றியிருந்த அதே ஜில்லிட்ட விரல்கள். அவள் அவற்றை விலக்கினாள்.

"அத்தை, எண்ணிக்கை தப்பாயிடும்."

புருஷன் இரண்டடி பின்னால் நின்றிருந்தான். அவன் கேட்கட்டும் என்றும் நினைக்கவில்லை, கேட்கக் கூடாதென்றும் நினைக்கவில்லை. லேபில் ரிப்போர்ட் படிக்கிற குரலில் சொன்னாள். மாத்திரையின் பெயர், மில்லிகிராம். தன் கையால் டீயில் தினம் ஒன்று, நாற்பத்தொரு நாள், கடைசியாக நேற்று காலை ஆறரை மணி. பொடி வழியாகப் பன்னிரண்டு நாள், தினம் ஒன்றிலிருந்து இரண்டு. இன்று காலை ஏழு மணிவாக்கில் எவ்வளவு என்று தெரியவில்லை, டப்பா குறைந்திருக்கிற அளவைப் பார்த்தால் மூன்று ஸ்பூன் இருக்கலாம். ஸ்பூனுக்குப் பாதி மாத்திரை. சரியாகக் கலக்காததால் கூடவும் இருக்கலாம்.

டாக்டர் எழுதி முடித்தாள். திட்டவில்லை. பேனாவை மூடிக்கொண்டே, "நேத்து…" என்று ஆரம்பித்தாள். முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

புருஷன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

மூன்று நாள் சர்க்கரையை ஏற்றினார்கள். டாக்டர் சொன்னதுபோலவே அது ஏற்ற ஏற்ற இறங்கியது. நாலாம் நாள் எண் நின்றது. மனிதர் எழவில்லை. பதினோராம் நாள் கண் திறந்தார். அத்தை கட்டிலருகே குனிந்து, "என்னங்க, நான்தாங்க" என்றாள். அவர் பார்த்தார். கூரையைப் பார்த்த அதே பார்வைதான். அத்தை இன்னொரு தரம் சொன்னாள். இன்னொரு தரம். நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்திருக்கிறது என்றார்கள். இவ்வளவுதான் திரும்பும், இதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து எல்லோரிடமும் எழுதி வாங்கினார். கடைக்காரர், காலரைப் பிடித்ததைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. லேபிலிருந்து அவளைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தால் உட்கார்ந்திருப்பார். வாயருகே கொண்டுபோனால் திறப்பார். அவ்வளவே.

முதல் நாள் காலையில் அத்தை பாலைக் காய்ச்சினாள். அவள் அதை ஆற்றிக் கிண்ணத்தில் ஊற்றினாள். இரண்டு பேரும் அறை வாசலுக்கு வந்தார்கள். மகன் எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டிருந்தான், நேரமாகியிருந்தது.

"நீங்க கிளம்புங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அவள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஒரு ஸ்பூன் பாலை எடுத்தான். அதைத் தன் வாயில் விட்டுக்கொண்டு, விழுங்கி, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தான். பிறகு அடுத்த ஸ்பூனை அப்பாவின் உதட்டுக்குக் கொண்டுபோனான்.

அதற்கடுத்த ஸ்பூன் மறுபடியும் அவன் வாய்க்கே போனது.